ஜேர்மன் இராணுவம்: உண்மையில் எது மாறியது?

வாசகர் கேள்வி, 2025 நவம்பர் 14

ஜேர்மனி எண்பது வருடமாக ஆயுதமே தொடாமல் இருந்த நாடு. 2022-ல் ஒரே பேச்சில் எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டார்கள். இப்போது பிள்ளைகளையும் இராணுவத்துக்குப் பிடிக்கப் போகிறார்களாம். அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், இது எங்கே போய் முடியும்?

நவம்பர் 14, இரவு 11.20

மூன்று விஷயம் சொல்கிறீர்கள், மூன்றும் பிழை. கடைசியானது என் வீட்டுக்குள் வரும் விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த "ஆயுதமே தொடாத" கதை. நான் 1985-ல் பதினான்கு வயதில் அண்ணனோடு கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயில் பிடித்து மேற்குப் பக்கம் வந்தவன். அந்தக் காலத்தில் வந்த எங்கள் ஈழத்தமிழர் பலருக்கு அதுதான் பாதை. சில மாதம் பெர்லினில் வைத்திருந்துவிட்டு வெஸ்ட்பாலன் பக்கம் ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். ஒருநாள் காலை சோறு வடித்துக்கொண்டிருக்கிறோம், கூரையை உரசுவது போல ஒரு ஜெட் போனது. நானும் இன்னும் இரண்டு பெடியன்களும் மேசைக்குக் கீழே. ஊரில் ஹெலிகொப்டர் சத்தத்துக்கு ஓடிப் பழகிய கால்கள். முகாமைப் பார்த்துக்கொண்ட ஜேர்மன் அம்மா முதலில் சிரித்தார், எங்கள் முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டார். பயிற்சிப் பறப்பாம். சில பகுதிகளில் 75 மீற்றர் வரை இறங்கிப் பறக்க அனுமதி இருந்தது.

அன்றைய மேற்கு ஜேர்மன் இராணுவத்தில் ஏறத்தாழ 495,000 பேர். 12 டிவிஷன், 36 பிரிகேட். லெப்பர்ட் 2 டாங்கி மட்டும் 2,000-க்கு மேல் வாங்கினார்கள், இன்று 300 சொச்சம்தான் இருக்கிறது. அதோடு அமெரிக்கர், பிரிட்டிஷ்காரர், பெல்ஜியர், டச்சுக்காரர் எல்லோரும் இங்கேயே முகாம் போட்டிருந்தார்கள். டோர்ட்முண்டில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஐஸ்கிரீம் கடையில் வரிசையில் நிற்பார்கள். இலையுதிர் காலத்தில் பெரிய பயிற்சி நடக்கும், டாங்கிகள் வயலை உழுதுவிட்டுப் போகும், விவசாயி நட்டஈட்டுக்கு விண்ணப்பம் எழுதுவார்.

இதுவா ஆயுதம் தொடாத நாடு? அந்தக் கதை பெரும்பாலும் 1990-க்குப் பிறகு இவர்களே தங்களுக்குச் சொல்லிக்கொண்டது.

நவம்பர் 15

அடுத்தது "ஒரே பேச்சு".

2022 பெப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை. உக்ரைனுக்குள் ரஷ்யா நுழைந்து மூன்றாம் நாள். சான்சலர் ஓலாஃப் ஷொல்ஸ் பாராளுமன்றத்தை அவசரமாகக் கூட்டி "சைட்டன்வெண்டெ" என்றார். காலம் திரும்பும் முனை என்று சொல்லலாம். இராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ தனி நிதி. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆட்டிறைச்சிக் கறி அடிப்பிடித்துவிட்டது.

பெரிய பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் "இன்றோடு எல்லாம் மாறியது" என்று இந்த நாடு சொன்னது அது முதல் தடவை இல்லை. படித்ததையும் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1955 நவம்பர் 12. போர் முடிந்து பத்து வருடம். அப்போதைய தலைநகர் பொன்னில் (Bonn) 101 பேருக்கு நியமனக் கடிதம் கொடுத்து இராணுவத்தைத் தொடங்கினார்கள். ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற பழைய பிரஷ்யச் சீர்திருத்தத் தளபதியின் 200-ஆவது பிறந்தநாள் அது, பார்த்து எடுத்த நாள். சனத்துக்கு விருப்பமே இல்லை. "ஓனே மிஷ்" என்பதுதான் அந்தக் காலத்துக் கோஷம், "என்னை விட்டுவிடு" என்று அர்த்தம். பிறகு ஏன் தொடங்கினார்கள்? அன்றைய சான்சலர் அடெனவருக்கு நாட்டின் இறைமை திரும்ப வேண்டியிருந்தது, மேற்குலகில் ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. ஐரோப்பாவுக்கு ஒரே இராணுவம் என்ற யோசனையைப் பிரான்ஸே கொண்டுவந்து, 1954 ஆகஸ்டில் தன் பாராளுமன்றத்திலேயே பிரான்ஸே புதைத்தது. அதனால் நேட்டோ. என் பார்வையில் இந்த இராணுவம் சங்கத்தில் சேரக் கட்டிய சந்தா. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு "திருப்பமும்" சந்தாவைக் கூட்டுவதா குறைப்பதா என்ற சண்டைதான்.

1999 நானே பார்த்தது. கொசோவோ. மார்ச் 24 முதல் ஜேர்மன் டொர்னாடோ விமானங்கள் சேர்பியா மீதான தாக்குதலில் இறங்கின. 1945-க்குப் பிறகு முதல் போர், அதுவும் ஐ.நா. அனுமதி இல்லாமல். அதை நடத்தியது யார்? சமூக ஜனநாயகக் கட்சியும், போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் பிறந்த பசுமைக் கட்சியும். மே மாதம் பீலஃபெல்டில் பசுமைக் கட்சி மாநாடு. வெளிநாட்டமைச்சர் யொஷ்கா ஃபிஷர் மீது ஒருவர் சிவப்புச் சாயப் பை எறிந்தார். செவிப்பறை கிழிந்தது. சிவந்த காதோடு மேடையேறி, "இனி ஒருபோதும் போர் வேண்டாம்" என்பதையும் "இனி ஒருபோதும் அவுஷ்விட்ஸ் (நாஜிகளின் கொலைமுகாம்) வேண்டாம்" என்பதையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பேசினார். நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. பெரிய சமையல்காரருக்கு எழுபதை நெருங்கும் வயது, போரைச் சிறுவனாகப் பார்த்தவர். ரேடியோவை அணைத்துவிட்டு, "இவன் சொல்வதும் சரி, எறிந்தவன் சொல்வதும் சரி" என்றார். இந்த நாட்டின் பாதுகாப்புக் கொள்கை பற்றி நான் கேட்ட நேர்மையான பேச்சு அது.

பிறகு ஆப்கானிஸ்தான். ஜேர்மனியின் பாதுகாப்பு இந்துகுஷ் மலையிலும் காக்கப்படுகிறது என்று பாதுகாப்பு அமைச்சர் ஸ்ட்ருக் 2001-ல் சொன்னார். இருபது வருடத்தில் 59 சிப்பாய்கள் அங்கே உயிரிழந்தார்கள். 2014-ல் மியூனிக்கில் ஜனாதிபதி கௌக் ஜேர்மனி இன்னும் பொறுப்பெடுக்க வேண்டும் என்று பேசினார், அதற்கும் "புதிய காலம்" என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த வருடம் என்ன செய்தி வந்தது தெரியுமா? நாளைக்கு எழுதுகிறேன், நித்திரை வருகிறது.

நவம்பர் 15, பிற்சேர்க்கை

ஸ்ட்ருக் சொன்னது 2001 இல்லை, 2002 டிசம்பர். எழுதிய கையோடு மனைவி திருத்தினாள்.

நவம்பர் 18

நாளைக்கு என்றது மூன்று நாளாகிவிட்டது. இதற்கிடையில் திருச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, இவ்வளவு காசுள்ள நாட்டில் இராணுவம் ஏன் வெறுங்கையோடு நிற்கிறது?"

வெறுங்கை என்பது அவர்கள் தளபதியே சொன்னது, தம்பி. ரஷ்யா நுழைந்த அன்றே தரைப்படைத் தளபதி அல்ஃபொன்ஸ் மைஸ், தான் தலைமை தாங்கும் படை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் நிற்கிறது என்று லிங்க்ட்இன்னில் எழுதினார். சேவையில் இருக்கும் தளபதி லிங்க்ட்இன்னில்!

நான் சொல்ல வந்த செய்தியும் இதே வகை. 2014-ல் நோர்வேயில் நேட்டோ பயிற்சி. கவச வாகனத்தில் துப்பாக்கிக் குழல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சாயம் பூசிய விளக்குமாற்றுத் தடியைக் கட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் வெளியே வந்தது. என் மகள் அப்போது சின்னப் பிள்ளை, வீட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் எங்களைச் சுட்டாள். 2017 கடைசியில் ஆறு நீர்மூழ்கிகளில் ஒன்றுகூடக் கடலுக்குப் போகும் நிலையில் இல்லை. 2022 டிசம்பரில், அதாவது அந்தப் பெரிய பேச்சுக்குப் பிறகு, ஒரு பயிற்சியில் புத்தம்புதிய பூமா கவச வாகனங்கள் பதினெட்டும் பழுதாகி நின்றன. பதினெட்டுக்குப் பதினெட்டு.

காரணம் திருட்டோ சோம்பலோ மட்டும் இல்லை. 1990-க்குப் பிறகு சுற்றிவர எல்லோரும் நண்பர்கள். ஒன்றிணைப்புக்காகச் செய்த ஒப்பந்தத்தில் 370,000 பேருக்கு மேல் வைக்கமாட்டோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த எல்லையை எட்டிப் பார்க்கக்கூட யாரும் ஆசைப்படவில்லை, இறங்கி இறங்கி இன்று 184,000 அளவில் நிற்கிறார்கள். பிறகு இராணுவத்தைத் தூர தேசத்துச் சிறு பணிகளுக்காக வெட்டித் தைத்தார்கள். மாலிக்குச் சில நூறு பேர் போக வேண்டுமென்றால், ஊரில் இருக்கும் பத்துப் படையணியிடம் கடன் வாங்கி அவர்களுக்குப் பொருள் சேர்ப்பார்கள். கல்யாண வீட்டுக்குப் போக அயல்வீட்டில் நகை இரவல் வாங்குவது போல. எல்லோரும் ஒரே நாளில் கல்யாணத்துக்குப் போக வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அப்புறம் கொள்முதல். அதற்குரிய அலுவலகம் கோப்லென்ஸ் நகரில். 2.5 கோடி யூரோவைத் தாண்டும் எந்தக் கொள்முதலும் பாராளுமன்றத்தின் வரவுசெலவுக் குழுவுக்குப் போய்த்தான் வர வேண்டும். இன்றைய விலையில் அது ஒரு புதிய லெப்பர்ட் டாங்கிக்குக்கூடப் போதாது. ஒவ்வொரு கோப்பும் தனியாக.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1994 ஜூலை 12, கார்ல்ஸ்ரூவ அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வெளிநாட்டுக்கு ஆயுதப் படை அனுப்பலாம், ஆனால் பாராளுமன்றம் சம்மதிக்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு பணிக்கும் வாக்கெடுப்பு, எத்தனை பேர் என்ற மேல்வரம்பு, பெரும்பாலும் வருடத்துக்கொருமுறை திரும்ப வாக்கெடுப்பு. சிப்பாய்களின் முறைப்பாட்டைக் கேட்பதற்கென்றே பாராளுமன்றம் ஒருவரை நியமித்திருக்கிறது. சாதாரணச் சிப்பாய் தன் அதிகாரியைக் கேட்காமல் நேரே அவருக்குக் கடிதம் எழுதலாம். மனித மாண்புக்கு எதிரான கட்டளைக்குக் கீழ்ப்படியாவிட்டால் குற்றமில்லை என்று சிப்பாய்ச் சட்டத்திலேயே இருக்கிறது.

இந்த மந்தத்தைப் பார்த்து என் ஜேர்மன் நண்பர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கு வருவதில்லை. எப்படிப்பட்ட இராணுவத்திடமிருந்து ஓடிவந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

நவம்பர் 23

யாரோ தனிமடலில், "2011-ல் கட்டாய சேவையை ஒழித்தார்களே, ஒழித்ததை எப்படித் திரும்பக் கொண்டுவரலாம்?" என்று கேட்டிருக்கிறார். ஒழிக்கவில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2011 ஜூலை 1 முதல் *நிறுத்தி* வைத்தார்கள். அரசியலமைப்பின் 12அ பிரிவு அப்படியே இருக்கிறது: பதினெட்டு வயதான ஆண்களைச் சேவைக்கு அழைக்கலாம். பெண்களை ஆயுத சேவைக்குக் கட்டாயப்படுத்த முடியாது. மகளுக்கு இதைச் சொன்னபோது "இது நியாயமே இல்லை" என்றாள். எந்தப் பக்கம் நியாயமில்லை என்று சொல்லவில்லை.

டிசம்பர் 5

இன்று பாராளுமன்றத்தில் புதிய சேவைச் சட்டம் நிறைவேறியது. அதே நேரம் பல நகரங்களில் மாணவர்கள் வகுப்பைப் பகிஷ்கரித்து ஊர்வலம் போனார்கள். என் மகன் ஊர்வலத்துக்கும் போகவில்லை, வகுப்புக்கும் போகவில்லை. காய்ச்சலாம். பின்னேரம் பந்து விளையாடப் போனான்.

அவன் 2008-ல் பிறந்தவன். சட்டம் தொடங்குவதே 2008-ல் பிறந்தவர்களிலிருந்து. சரி, புலம்பாமல் சொல்கிறேன்.

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் "பிள்ளைகளைப் பிடிக்க" என்று எழுதினார். அண்ணா, அந்தச் சொல்லை எங்கள் தலைமுறை ஈழத்தமிழர் வீட்டில் சும்மா சொல்லிவிட முடியாது. பிள்ளை பிடிப்பது என்றால் எங்களுக்கு என்ன என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். இங்கே நடப்பது அது இல்லை. வருகிற வருடம் முதல் பதினெட்டு வயதாகும் எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் வரும். ஆண்கள் கட்டாயம் நிரப்ப வேண்டும், பெண்கள் விரும்பினால். 2027 நடுப்பகுதியிலிருந்து ஆண்களுக்கு உடல் தகுதிப் பரிசோதனை. சேவை விருப்பத்தின் பேரில், சம்பளம் மாதம் ஏறத்தாழ 2,600 யூரோ. 2035-க்குள் 260,000 பேர் வேண்டும் என்பது இலக்கு. விருப்பத்தில் ஆள் சேராவிட்டால் கட்டாயமாக்க இன்னொரு வாக்கெடுப்பு வேண்டும்.

இதையெல்லாம் நேற்று இரவு மனைவிக்கு இப்படித்தான் அமைதியாக விளக்கினேன். அவள் கடைசி வசனத்தை மட்டும் திருப்பிச் சொன்னாள்.

ஒரு பழைய ஞாபகம். 1985-ல் பெர்லினில் எங்களுக்கு மேல் மாடியில் நீள முடியோடு ஒரு ஜேர்மன் பெடியன் இருந்தான், தென் பக்கத்தான். ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று அண்ணன் அரைகுறை டொச்சில் (ஜேர்மன் மொழியில்) கேட்டார். "இராணுவத்துக்குப் போகாமல் இருக்க" என்றான். மேற்கு பெர்லின் நேச நாடுகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால் அங்கே குடியிருப்பவர்களுக்குக் கட்டாய சேவை கிடையாது. அப்படி வந்தவர்கள் அங்கே ஏராளம். அண்ணன் என்னைப் பார்த்து, "இவனும் எங்களைப் போலத்தான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பதினைந்து மாதம் முகாமில் சாப்பாடும் சம்பளமும் தந்து வீட்டுக்கு அனுப்பும் சேவைக்குப் பயந்தவனும் நாங்களும் ஒன்றா? நாற்பது வருடம் அந்தக் கோபம் சரியென்றே நினைத்தேன். இன்று அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

டிசம்பர் 7

 

முந்தாநாள் எழுதாமல் விட்டது: மறுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடம் கொடுக்காது என்று எழுதிக்கொடுத்துவிட்டு வைத்தியசாலை, முதியோர் இல்லம், அம்புலன்ஸ் என்று வேலை செய்தார்கள். "சிவி" என்று கூப்பிடுவோம். நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் வருடா வருடம் இரண்டு மூன்று சிவிக்கள் வருவார்கள். எனக்கு டொச் எழுதச் சொல்லித் தந்தது அவர்களில் ஒருவன். 2011-ல் இராணுவ சேவையோடு அதுவும் நின்றது. அந்த இல்லங்களுக்கு விழுந்த அடியைப் பற்றிப் பாதுகாப்புக் கொள்கைக் கட்டுரைகளில் ஒருவரும் எழுதுவதில்லை.

டிசம்பர் 21

"ஒன்றுமே மாறவில்லை என்று சொல்கிறீர்களா?" என்று கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அப்படித்தான் சொல்லத் தொடங்கினேன். இந்த இழையை மேலிருந்து திரும்ப வாசித்ததில் என் வாதம் இரண்டு இடத்தில் ஓட்டை.

ஒன்று, காசு. 2022-ன் தனி நிதி ஒரு தடவை கொடுக்கும் காசு, முடிந்தால் முடிந்தது. உண்மையான உடைப்பு 2025 மார்ச் 18. ஜேர்மன்காரருக்குக் கடன் என்றால் என்ன என்று இங்கே வாழாதவர்களுக்கு விளங்காது. "ஷுல்டன்" என்றால் கடன், "ஷுல்ட்" என்றால் குற்றம், ஒரே வேர். அரசு கடன் வாங்குவதற்கு 2009-ல் அரசியலமைப்பிலேயே பூட்டுப் போட்டார்கள். பள்ளிக்கூடக் கூரை ஒழுகினாலும் அந்தப் பூட்டைத் தொடவில்லை. மார்ச்சில் தொட்டார்கள்: நாட்டு மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்துக்கு மேலே போகும் பாதுகாப்புச் செலவுக்குக் கடன் வரம்பே இல்லை. அதுவும் தேர்தல் முடிந்து, புதிய பாராளுமன்றம் கூடுவதற்கு முன், போகப்போகிற பழைய பாராளுமன்றத்தை அழைத்து. புதியதில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைக்காது என்று தெரியும். தேர்தல் காலத்தில் கடன் பூட்டைக் காத்த கட்சியின் தலைவர், பிறகு சான்சலரான மேர்ஸ்தான் இதைச் செய்தவர். 2014-ல் பாதுகாப்புக்கு 3,200 கோடி யூரோ அளவில் ஒதுக்கினார்கள். 2026-க்கு, தனி நிதியையும் சேர்த்து, 10,800 கோடியைத் தாண்டுகிறது.

ஏன் 2022-ல் இல்லாமல் 2025-ல்? போர் அப்போதே தொடங்கிவிட்டது. மாறியது அமெரிக்கா. ட்ரம்ப் திரும்பி வந்தார், ஸெலென்ஸ்கியை வெள்ளை மாளிகையில் உட்காரவைத்துக் கத்தியதை உலகமே பார்த்தது. என் சந்தா உவமையில் சொன்னால், சங்கத்தின் பெரிய அங்கத்தவர் எழுந்து கதவுப் பக்கம் போய் நிற்கிறார். சந்தாவைக் கூட்டினால் அவர் இருப்பாரா, இல்லை இனி மண்டப வாடகையையே நாம்தான் கட்ட வேண்டுமா என்று இவர்களுக்கு இன்னும் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வைக்கிறார்கள்.

இரண்டாவது ஓட்டை லித்துவேனியா. அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

டிசம்பர் 28

நத்தார் விருந்து, விருந்தாளிகள், வயிற்றுக்கோளாறு. இப்போதுதான் நேரம்.

2017 முதல் லித்துவேனியாவில் ஜேர்மன் படை இருக்கிறது, ஆனால் ஆறு மாதத்துக்கொருமுறை ஆள் மாற்றி மாற்றி. 2023-ல் பாதுகாப்பு அமைச்சர் பிஸ்டோரியுஸ் ஒரு முழு பிரிகேட்டை நிரந்தரமாக வைப்போம் என்றார். 45-ஆவது கவசப் படையணி, 2027-க்குள் 4,800 சிப்பாய்கள், கூட வேலை செய்யும் 200 சிவிலியன்கள். குடும்பத்தோடு போவார்கள், பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம். போருக்குப் பிந்திய ஜேர்மனி இப்படி ஒரு முழுப் படையணியை வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியமர்த்தியதே இல்லை. 2025 மே 22 லித்துவேனியத் தலைநகர் வில்னியுஸின் சதுக்கத்தில் விழா வைத்து, வில்னியுஸின் பாதுகாப்பே பெர்லினின் பாதுகாப்பு என்றார் மேர்ஸ்.

இந்துகுஷ் வசனத்தின் தம்பி வசனம் இது. ஆனால் இந்துகுஷ்ஷை யாரும் மனதுக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. தோற்றால் விமானத்தில் ஏறி வீட்டுக்கு வரலாம், 2021-ல் வந்தார்கள். லித்துவேனியாவில் குடும்பத்தோடு இருக்கும் 4,800 பேர் அப்படி வர முடியாது. போர் வந்தால் முதல் நாளே உள்ளே இருப்பார்கள், வாக்கெடுப்புக்கு யாரும் காத்திருக்கப் போவதில்லை. அமெரிக்கர் 1950-களில் மேற்கு ஜேர்மனியில் செய்ததை இப்போது ஜேர்மனி வேறொரு சிறு நாட்டுக்குச் செய்கிறது. சந்தா கட்டுபவர் வேலை இல்லை இது, வீட்டுக்காரர் வேலை. என் உவமை இங்கே உடைகிறது, உடைந்தால் உடையட்டும்.

படையணியின் பெரிய முகாம் வில்னியுஸுக்குத் தெற்கே ரூட்னின்கை காட்டில். இந்தப் பெயரை எங்கோ வாசித்திருக்கிறேன் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. 1943-ல், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வில்னியுஸ் கெட்டோவிலிருந்து தப்பிய யூதப் போராளிகள் ஒளிந்திருந்து ஜேர்மன் படையோடு சண்டை பிடித்த காடு அது. அதே காட்டுக்கு இன்று ஜேர்மன் டாங்கியைக் கூப்பிடுவது லித்துவேனியர்கள். எண்பது வருடத்தில் எது மாறியது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஷொல்ஸின் பேச்சை இல்லை.

2026 ஜனவரி 6

போலந்து வெளிநாட்டமைச்சர் ஸிகோர்ஸ்கி, ஜேர்மனியின் பலத்தைவிட அது சும்மா இருப்பதுதான் தனக்குப் பயம் என்று சொன்னதை நான் ஏன் எழுதவில்லை என்று ஒருவர் கேட்கிறார். எழுதத்தான் இருந்தேன். தேடிப் பார்த்தால் அவர் 2011-ல் பெர்லினில் அதைப் பேசியது முக்கியமாக யூரோ நெருக்கடி பற்றி. டாங்கி பற்றி இல்லை. எல்லோரும் இராணுவத்துக்கே எடுத்து ஒட்டுகிறார்கள், நானும் பல தடவை ஒட்டியிருக்கிறேன்.

அணுகுண்டு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக: ஜேர்மனி செய்யாது. 1954-ல் அடெனவர் எழுதிக்கொடுத்தார், 1990 ஒப்பந்தத்தில் திரும்ப எழுதிக்கொடுத்தார்கள். ஆனால் ப்யூகல் விமானத் தளத்தில் அமெரிக்கக் குண்டுகள் இருக்கின்றன, போர் வந்து அமெரிக்க ஜனாதிபதி அனுமதித்தால் கொண்டுபோவது ஜேர்மன் விமானிகள். பழைய டொர்னாடோவுக்குப் பதிலாக 35 எஃப்-35 வாங்குவது முக்கியமாக அதற்குத்தான். இந்த ஒரு விஷயத்தில் 1983-க்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அன்று பெர்ஷிங் ஏவுகணைக்கு எதிராக இலட்சக்கணக்கில் தெருவில் நின்றார்கள், இன்று எஃப்-35 விலையைப் பற்றி மட்டும் முணுமுணுக்கிறார்கள்.

வித்தியாசம் பேச்சில்தான். 2010-ல் ஜனாதிபதி கோலர் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பும்போது, ஏற்றுமதியில் வாழும் நாட்டுக்கு வணிகப் பாதைகளைக் காக்க இராணுவமும் தேவைப்படலாம் என்று ஒரு பேட்டியில் சொன்னார். எழுந்த கூச்சலில் பதவி விலகினார். 2024-ல் ஹெஸ்ஸன் போர்க்கப்பல் அதே வேலைக்காகச் செங்கடல் போனது. ஒருவரும் கூச்சல் போடவில்லை. நல்ல மனுசன், பதினான்கு வருடம் முந்திப் பேசிவிட்டார்.

ஜனவரி 18

வேலையிடத்துக் கதை ஒன்று. இடத்தின் பெயர் கேட்காதீர்கள். நாங்கள் கார் கியர்பொக்ஸுக்கு உதிரிப்பாகம் கடைகிறோம். இரண்டு வருடமாக ஓடர் குறைவு, வெள்ளிக்கிழமை வேலை இல்லை. போன வாரம் கூட்டம் போட்டு, "வேறு துறை" வாடிக்கையாளரோடு பேசுகிறோம் என்றார்கள். என்ன துறை என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். தொழிற்சங்கக்காரர் முதலில் "அமைதி" என்று தொடங்கி "வேலை உத்தரவாதம்" என்று முடித்தார். போலந்துக்காரர் ஒருவர் என் பக்கத்து மெஷினில். "உங்களுக்கு இப்போதுதான் விடிந்திருக்கிறதா?" என்றார். "உங்களுக்கு" என்றது என்னையும் சேர்த்து. முப்பது வருடக் குடியுரிமையில் என்னை இவ்வளவு முழுசாக ஜேர்மன்காரனாக்கியது அவர்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பழைய பாலம். அதில் வட்டமான மஞ்சள் பலகை ஒன்று உண்டு, கறுப்பில் எண்களும் டாங்கிப் படமும். எத்தனை தொன் வகை இராணுவ வாகனம் போகலாம் என்பதற்காகப் பனிப்போர் காலத்தில் வைத்தது. வந்த புதிதில் டாங்கிகள் குறுக்கே வரும் இடம், மான் குறுக்கே வரும் பலகை போல என்று நினைத்திருந்தேன். இப்போது போர் வந்தால் நேட்டோ படைகள் கிழக்கே போவது ஜேர்மனி வழியாகத்தான் என்று திட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். பாலங்கள்? எங்கள் பக்கம் ஏ45 நெடுஞ்சாலையின் ராமெட பாலத்தை 2021 டிசம்பரில் திடீரென்று மூடி, 2023 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தார்கள். டாங்கி தேவையில்லை, லொறியையே தாங்காத நிலை. கடன் பூட்டைத் திறந்த அதே மார்ச்சில் பாலம், ரயில் பாதை போன்றவற்றுக்கென்று 50,000 கோடி யூரோ நிதியும் ஒதுக்கினார்கள். அந்தக் காசை இராணுவக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன்.

ஜனவரி 19

பலகையில் எண் என்ன என்று கேட்டவருக்கு: இன்று நிறுத்திப் பார்த்தேன். சக்கர வாகனத்துக்கு ஒன்று, சங்கிலி வாகனத்துக்கு ஒன்று இருக்கும். கீழ் எண்ணைப் பாசி மூடியிருக்கிறது. பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்தார், வந்துவிட்டேன்.

பெப்ரவரி 9

கடிதம் வந்தது. கியூஆர் குறியோடு ஒரு தாள். மனைவி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினாள், எடுத்தாள், லாச்சிக்குள் வைத்தாள், திரும்ப ஒட்டினாள். நான் மூன்று நாள் யோசித்து மகனோடு இருந்து கதைக்க ஒரு பேச்சுத் தயார் பண்ணினேன். 1955-லிருந்து தொடங்கும் பேச்சு, இந்த இழையைப் படித்தவர்களுக்கு அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஞாயிறு மதியம் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அதை வெள்ளிக்கிழமையே பஸ்ஸில் வைத்து நிரப்பி அனுப்பிவிட்டானாம். ஆர்வம் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"அப்பா, கடிதம் எனக்கு வந்தது" என்றான்.